கரையாத கட்டி

அவருக்கென்று பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் ‘ஆனா’தான். யார் எதைச் சொன்னாலும் அந்த ஒரு சொல்லை முன்னால் நிறுத்திவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். “மழை வரும் போலிருக்கே” என்றால், “ஆனா, காத்து அந்தப் பக்கமில்ல போகுது” என்பார். “பையனுக்கு வேலை கிடைச்சிருச்சு” என்றால், “ஆனா, அவ்வளவு சீக்கிரம் ஏன் குடுத்தாங்க?” என்பார். பட்டறையில் கூட வேலை செய்த வெல்டர் ஒருநாள், “இந்த மனுஷன் ஆனாவிலயே நிக்கிறாரு, ஆவன்னாவுக்கே போகமாட்டாரு போல” என்று சொல்லிவைத்தான். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. பட்டப்பெயரைக் கேட்டு அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அது பாசமா, கிண்டலா என்றுதான் கொஞ்ச காலம் யோசித்துக்கொண்டிருந்தார்.

குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பது அவர் தொழில். வேலையில் சுத்தம். ஆனால் அவரைக் கூப்பிட்டவர்கள், வேலை முடிவதற்குள் ஏதோ விசாரணைக்கு ஆளானதுபோல் களைத்துவிடுவார்கள். “ஒண்ணுமே பண்ணலைங்க. ஓடிட்டிருந்தது, தானா நின்னுடுச்சு” என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். அந்தத் ‘தானா’வை அவர் நம்பியதே இல்லை. சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து உறைபெட்டியின் உட்சுவரை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார். எங்காவது ஒரு கீறல் இருக்கும். ஒட்டிக்கொண்ட பொட்டலத்தைப் பிரிக்க யாரோ கத்தியை விட்டு நெம்பியிருப்பார்கள். சுவருக்குப் பின்னால் ஓடும் மெல்லிய குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து, வாயு முழுக்க வெளியே போயிருக்கும்.

“இது என்ன, தானா வந்த கீறலா?” என்று கேட்பார். வீட்டுக்காரர் மனைவியைப் பார்ப்பார். மனைவி மாமியாரைப் பார்ப்பாள். அந்தக் குடும்பத்தில் அன்று மாலை வரை யாரும் யாரோடும் சரியாகப் பேசமாட்டார்கள். கிளம்பும்போது மட்டும் குரலைத் தணித்துக்கொண்டு, “கத்தி வைக்காதீங்க. சுடுதண்ணிப் பாத்திரத்தை உள்ள வைங்க. பொறுமையா இருங்க, அதுவா விடும்” என்று சொல்லிவிட்டு வருவார்.

முப்பது வருஷம் அடுத்தவர்களின் உறைபெட்டிக்குள் தலையை விட்டுப் பார்ப்பது மனித குலத்தின் மேல் நம்பிக்கை வளர்க்கும் தொழில் அல்ல. சாப்பிடவும் மனம் வராமல், எறியவும் மனம் வராமல் கிடப்பவைதான் அங்கே சேர்கின்றன. முடிவெடுப்பதைத் தள்ளிப்போட மனிதன் செய்துகொண்ட பெட்டி அது. டயட்டில் இருப்பதாகச் சொல்லும் வீட்டில் அடித்தட்டில் கேக் இருக்கும். ‘வெளியில எதுவும் வாங்கமாட்டோம்’ என்கிற வீட்டில் கடைப் பொட்டலங்கள் அடுக்கியிருக்கும். அவர் சந்தேகப்பட்டது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அதில்தான் ஆபத்து. சந்தேகம் பலமுறை பலித்துவிட்டால், பிறகு அது தன்னை அறிவு என்று சொல்லிக்கொண்டு வந்து உட்காரும், எழுப்ப முடியாது.

அந்தச் சுபாவம் தொழிலால் மட்டும் வந்ததில்லை. அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவருடைய அப்பாவின் முதுகில் ஒரு கட்டி வந்தது. “சூட்டுக்கட்டிடா. தானா கரைஞ்சிடும்” என்றார் அப்பா. அம்மாவும் அதையே சொன்னாள். வீடு முழுக்க அதை நம்பியது. கட்டி கரையவில்லை, அப்பாதான் கரைந்தார். தனக்கு என்ன என்று அவருக்கு முன்பே தெரியும் என்பதும், எல்லோரிடமும் மறைத்தார் என்பதும் பிறகுதான் வெளியே வந்தது. அன்றிலிருந்து இரண்டு சொற்களை இவர் சகித்துக்கொண்டதில்லை. ஒன்று ‘தானா’. இன்னொன்று ‘கட்டி’. பனிக்கட்டியோடு பிழைப்பு நடத்துகிறவர் அந்தச் சொல்லைச் சொல்லாமல் காலம் தள்ளுவது எளிதில்லை. அவர் ‘ஐஸ்’ என்பார், ‘பனி’ என்பார், அதற்கு மேல் போகமாட்டார். கல்யாணமாகி வந்த மனைவிக்கும் அது பழகிவிட்டது. மகள் சின்ன வயதில் ஐஸ் துண்டுகளுக்கு ‘வில்லை’ என்று பெயர் வைத்தாள். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும் வில்லை அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது.

வில்லைகளுக்கு அந்த வீட்டில் பஞ்சமும் இருந்ததில்லை. அவருடைய மனைவி ஒரு பெரிய அலுவலகத்தில் காபி அறையைப் பார்த்துக்கொள்கிறாள். கறுப்புக் காபியைப் பெரிய பிளாஸ்க்குகளில் நிரப்பி வைப்பாள். வேண்டியவர்கள் பாலோ சர்க்கரையோ கலந்துகொள்வார்கள். சாயங்காலம் பிளாஸ்க்கின் அடியில் எப்படியும் மிஞ்சும். அதைத் தொட்டியில் கொட்டும்போதெல்லாம் அவளுக்குக் கை வலித்தது. மேலாளரிடம் கேட்டாள். “சாக்கடைக்குப் போறது உங்க வீட்டுக்குப் போகட்டுமேம்மா” என்றார் அவர். இதை வீட்டில் வந்து சொன்னபோது கணவர் கேட்டது ஒன்றுதான்: “ஆனா, அவர் ஏன் உடனே சரின்னாரு?”

கொண்டுவந்த காபியை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைப்பாள். பழுப்பு வில்லைகள் டப்பாக்களில் சேரும். ஒரு கிளாஸ் பாலில் நாலைந்தைப் போட்டுவிட்டால் அவை கரையக் கரையப் பாலின் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே குடிக்கலாம். கரைந்த காபியில் பிஸ்கட்டைத் தோய்த்து, நடுவில் கிரீம் பூசி அடுக்கி, மறுபடி குளிரவைத்து வெட்டித் தருவாள். சர்க்கரையோடு உறைந்த காபியை முள்கரண்டியால் சுரண்டினால் பொடிப்பொடியாக ஒரு கிண்ணம் நிறையும். அவள் எதையும் வீணாக்கமாட்டாள். நூடுல்ஸுக்குச் செய்து மிஞ்சிய தக்காளி சாஸ், வெங்காய சாஸ், மிளகு சாஸ் எல்லாமே வில்லையாகிவிடும். அவசரமான நாளில் இரண்டைச் சட்டியில் போட்டால் சமையல் முடிந்தது. இதில் ஒரு சங்கடம், மிளகு சாஸும் காபியும் உறைந்தபின் ஒரே நிறம். ஒருமுறை அவர் பாலில் மிளகு சாஸைப் போட்டுக் குடித்துவிட்டார். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஆனா, இது தெரியாம நடந்த மாதிரி இல்லையே” என்றார்.

“ஆமா. உங்களைத் தீர்த்துக்கட்ட எனக்கு மிளகு சாஸ்தான் கிடைச்சுது. போங்க, போய் வாயைக் கொப்பளிங்க.”

அந்த வீட்டில் சந்தேகம் இப்படி அன்றாடச் செலவுபோல நடந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி இருவருமே பெரிதாக நினைக்கவில்லை.

இந்த நிலையில்தான் கேக் கடைக்காரரின் பெட்டி வந்தது. மேலே மூடி திறக்கும் பெரிய உறைபெட்டி. குழாய் மாற்றி, வாயு நிரப்பி, வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் ஒரு வாரம் விடாமல் ஓடவிட்டுப் பார்க்காமல் அவர் அனுப்பமாட்டார். தன் கைவேலையையும் அவர் நம்புகிறவர் அல்ல. பட்டறையில் தரை போட்டுக்கொண்டிருந்ததால் பெட்டியை வீட்டுப் பின்னறையில் கொண்டுவந்து வைத்தார். உள்ளே குளிரை அளக்கும் உணர்கம்பி ஒன்றை விட்டு, அதன் அளவுகாட்டியை வெளியே தொங்கவிட்டார். காலையில் அதைப் பார்ப்பார், மூடியைத் தொடமாட்டார்.

“இது அடுத்தவங்க பொருள்” என்று மனைவியிடம் சொன்னார். “நம்ம வீட்டுப் பட்டாணி ஒண்ணுகூட உள்ள போகக் கூடாது. மூடியைத் தொறக்கவே வேணாம். புரியுதா?”

“எனக்கெதுக்குங்க அதைத் தொறக்கணும்?” என்றாள் அவள்.

மூன்றோ நான்கோ நாள் போயிருக்கும். ஒரு மாலை அவர் வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். சமையலறையில் மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தாள். தங்கையோடு என்பது குரலிலேயே தெரிந்தது. வழக்கமாகத் தங்கையோடு பேசினால் தெரு முழுக்கக் கேட்கும். அன்று குரல் அடங்கியிருந்தது. அதனாலேயே அவர் காது நீண்டது.

“இல்லடி, கரையல… ம்ஹூம், அப்படியேதான் இருக்கு. அடியில நல்லாப் புடிச்சுக்கிட்டிருக்கு… கத்தி வைக்கிறதா? ஐயோ, எனக்குப் பயம்மா. எங்கயாவது பட்டு ஓட்டை கீட்டை விழுந்துட்டா? சுடுதண்ணிப் பையை வெச்சுத்தான் ஒத்தடம் குடுத்துக்கிட்டிருக்கேன்… அவருக்கா? நல்லா சொன்ன போ. அவருக்குத் தெரியவே கூடாது. இவ்வளவு பெரிய கட்டின்னு தெரிஞ்சுது, அவ்வளவுதான்…”

ஒரு செருப்பு காலிலும் ஒன்று கையிலுமாக அவர் நின்றார். இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து அவர் கேட்டதில்லை. அவருக்காக விலக்கிவைத்த சொல், அவர் இல்லை என்று நினைத்த நேரத்தில் தாராளமாக வெளியே வந்திருக்கிறது.

செருப்பைச் சத்தம் வரும்படி கீழே போட்டார். உள்ளே பேச்சு சட்டென்று நின்றது.

“யாரு போன்ல?”

“தங்கச்சிதான். சும்மா.”

“ஆனா…” என்று ஆரம்பித்தார். அதற்குப் பிறகு வரவேண்டியது வரவில்லை. “ஒண்ணுமில்ல” என்று கைகழுவப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவர் கவனிக்கத் தொடங்கினார். கவனிக்கத் தெரிந்தவருக்கு அறிகுறிகளுக்கா குறைச்சல்? மறுநாள் மாலை தனக்கு மட்டும் தேநீர் போட்டுக்கொண்டாள். காபியில்லாமல் பொழுது விடியாதவள்!

“காபி குடிக்கலையா?”

“வாய்க்குப் பிடிக்கலைங்க.”

“அந்த வில்லை? பால்ல போட்டுக் குடு, நான் குடிக்கிறேன்.”

“தீர்ந்துபோச்சு. கொஞ்ச நாளைக்கு வேணாம்னு விட்டுட்டேன்” என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

வீட்டு உறைபெட்டியைத் திறந்து பார்த்தார். உண்மைதான். காபி டப்பா, சாஸ் டப்பா ஒன்றையும் காணோம். எப்போதும் மூடமுடியாமல் பிதுங்கும் தட்டு வெறிச்சென்று கிடந்தது. போகப்போகிறவர்கள் முன்கூட்டியே அலமாரியைக் காலி செய்வதுபோல என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே கதவைச் சாத்தினார்.

சுடுதண்ணிப் பை குளியலறைக் கொக்கியில் ஈரமாகத் தொங்கியது. அவள் வலது தோளை அடிக்கடி நீவிக்கொண்டாள். கேட்டால், “பஸ்ல கம்பியைப் புடிச்சுக்கிட்டே வந்தேன்” என்றாள். பின்னறைப் பக்கம் போய்வந்தால் முகம் சிவந்திருந்தது. ஒருநாள் அழுக்குக்கூடையின் அடியில், மற்ற துணிகளுக்குக் கீழே சுருட்டித் திணித்த துண்டு ஒன்று அவர் கையில் பட்டது. பிரித்தார். பழுப்பாக, காய்ந்த கறை, உள்ளங்கை அகலத்துக்கு.

வாயு எங்கே கசிகிறது என்பதை மூக்காலேயே கண்டுபிடிக்கிறவர் அவர். எரிந்த ஒயரை, உருகிய ரப்பரை, அழுகிய தக்காளியை வாசலில் நின்றே சொல்லிவிடுவார். அந்தத் துண்டை ஒருமுறை முகத்தருகே கொண்டுபோயிருந்தால் போதும். அவர் கொண்டுபோகவில்லை. இருந்தபடியே சுருட்டி, இருந்த இடத்திலேயே அடியில் வைத்து, மேலே மற்ற துணிகளை ஒழுங்காகப் பரப்பிவிட்டார். அடுத்தவர் வீட்டுச் சுவரை அங்குலம் அங்குலமாகப் பார்க்கிற தைரியம் தன் வீட்டுத் துண்டைப் பார்க்கப் போதவில்லை. சந்தேகப்படுகிறவன் உண்மையைத் தேடுகிறவன் என்று பொதுவாக ஒரு மரியாதை உண்டு. அது முழுக்கச் சரியில்லை. பல சமயம் அவன் உண்மை வராமலிருக்க வாசலில் காவல் நிற்கிறவன்.

“உனக்கு உடம்புக்கு ஏதாவது…” என்று ஒரு காலை கேட்டுப் பார்த்தார்.

“எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்” என்றாள் அவள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. கல்லு என்ற சொல்லுக்கே அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அன்று மதியம் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு மச்சினியைப் பார்க்கப் போனார். மனைவியின் தங்கை சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறாள். அளவெடுக்க வந்தவர்களோடு பேசிப் பேசியே துணி வெட்டுகிறவள். அவரைப் பார்த்ததும், “வாங்க மாமா, என்ன அதிசயம்? என் மிஷின்மேல ஏதாவது சந்தேகமா?” என்றாள்.

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். வாடிக்கையாளர்களிடம் எடுபடும் பழைய வித்தை ஒன்று அவரிடம் இருந்தது. அதையே எடுத்தார்.

“எனக்கு எல்லாம் தெரியும்.”

தையல் மிஷின் நின்றது.

“ஐயையோ. அக்கா சொல்லிட்டாளா?”

“நானாத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.”

“திட்டினீங்களா?”

“திட்டறதா? இதுக்கு எதுக்கும்மா திட்டணும்?”

மச்சினி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “நிஜமாவா மாமா? அவ நடுங்கிட்டிருக்கா. நடந்ததுகூடப் பெருசில்ல, உங்ககிட்ட என்ன பேச்சு வாங்கணுமோன்னுதான் தூக்கமில்லாமக் கிடக்கா.”

“எவ்வளவு பெருசு?”

“நான் எங்க பார்த்தேன்? உள்ளங்கை கனத்துக்கு இருக்குன்னா. நாளாக நாளாக இறுகிக்கிட்டே போகுதாம்.”

அவர் முக்காலியின் நுனிக்கு நகர்ந்தார். “இதை யார்கிட்டயாவது காட்ட வேணாமா? இப்படியே வெச்சுக்கிட்டிருந்தா?”

“யார்கிட்ட காட்டறது? நீங்களே பெரிய டாக்டரு. உங்ககிட்டதான் காட்டணும்னு நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே? அவர்கிட்ட சொல்றதுக்கு அது அங்கயே கெடந்துட்டுப் போகட்டும்னுட்டா.”

“அப்படியா சொன்னா?”

“அப்படியேதான். கோவிச்சுக்காதீங்க மாமா. கத்தி மட்டும் வைக்க விடாதீங்க. அவ அவசரக்காரி” என்றாள். அதற்குள் ரவிக்கைத் துணியோடு இரண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள். மச்சினி அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்தாள். அவரும் எழுந்தார்.

வீட்டுக்கு நடந்தே போனார். வண்டி கடை வாசலிலேயே நின்றது, அதை எடுக்க மறந்துவிட்டார். ‘அவர்கிட்ட சொல்றதுக்கு அது அங்கயே கெடந்துட்டுப் போகட்டும்.’ உயிரைத் தின்கிற ஒன்றை உடம்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் இரண்டையும் எடைபோட்டிருக்கிறாள். ஒரு தட்டில் கட்டி, இன்னொரு தட்டில் புருஷன். கட்டி இலேசாக இருந்திருக்கிறது.

மனிதர்கள் மறைக்கிறார்கள், அது அவர்கள் சுபாவம் என்றே அவர் இதுவரை எண்ணியிருந்தார். அப்பா மறைத்தார், வாடிக்கையாளர்கள் மறைக்கிறார்கள், உலகமே எதையோ துணிக்கடியில் சுருட்டி வைத்திருக்கிறது. தன் முகத்தைப் பார்த்ததும்தான் ஒருத்தர் கை பின்னால் போகிறது என்றால்? இந்தக் கேள்வி அவருக்குப் புதிது. அதற்குப் பதில் சொல்ல வெளியே யாரையும் விசாரிக்க முடியாது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அவள் அன்று சீக்கிரமே வேலையிலிருந்து வந்திருந்தாள் போல. வாசலில் அவளுடைய செருப்பு கிடந்தது. பின்னறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே மெல்லிய முனகல் சத்தம். அவர் கதவைத் தள்ளினார்.

கேக் கடைக்காரரின் பெட்டி திறந்திருந்தது. ஒரு முக்காலிமேல் முழங்காலை ஊன்றி, இடுப்புவரை பெட்டிக்குள் கவிழ்ந்து கிடந்தாள் மனைவி.

“ஏம்மா!” என்று கத்தினார்.

அவள் பதறி நிமிர்ந்ததில் மூடியில் தலை இடித்தது. ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். இன்னொரு கையில் சுடுதண்ணிப் பை. முழங்கைவரை பழுப்பு. மார்புத் துணியெல்லாம் பழுப்பு, ஈரமாக. அவர் கண்ணுக்கு அது இரத்தமாகத்தான் தெரிந்தது.

“எங்க, காட்டு” என்றார்.

“வந்துட்டீங்களா…” ஒதுங்கி நின்று பெட்டியைக் கை காட்டினாள். “இதோ. பார்த்துக்குங்க.”

“அதை விடும்மா. கட்டியைக் காட்டு.”

“இதுதாங்க கட்டி.”

அவர் மெதுவாகக் குனிந்து பார்த்தார். பெட்டியின் அடியில் ஒரு எவர்சில்வர் பேசின் ஒருக்களித்துக் கிடந்தது. அதிலிருந்து சரிந்த காபி பெட்டியின் அடி முழுக்க ஓடி, உள்ளங்கை கனத்துக்குக் கெட்டியாக உறைந்து, பளபளத்தது. சாஸ் டப்பாக்கள் அதில் பாதி புதைந்து நின்றன. ஓர் ஓரத்தில் பழுப்புக்கு அடியில் தக்காளிச் சிவப்பு தெரிந்தது. இத்தனை நாளில் முதல்முறையாக அவர் மூச்சை உள்ளே இழுத்தார். அறை முழுக்கக் காபி மணந்தது.

அவள் கொட்டித் தீர்த்தாள். அலுவலகத்தில் ஏதோ பெரிய கூட்டம் பாதியிலேயே கலைந்துவிட்டதாம். பிளாஸ்க் பிளாஸ்க்காகக் காபி மிஞ்சியதாம். வீட்டுப் பெட்டியில் இடமில்லை. இங்கே இவ்வளவு பெரிய பெட்டி, உள்ளே ஒன்றுமில்லாமல், சும்மா குளிர்ந்துகொண்டு. “எனக்கு மனசு கேட்கலைங்க. ஒரே ஒரு பேசின், ஒரு ராத்திரி. காலையில எடுத்துடலாம்னு நினைச்சேன். அடி வரைக்கும் குனிய முடியலைன்னு வீட்டு டப்பா எல்லாத்தையும் இதுல அடுக்கி, அதுமேல பேசினை வெச்சேன். மூடியை மூடறப்ப இடிச்சு, பேசின் சரிஞ்சிருக்கு, பார்க்கலை. காலையில பார்த்தா இப்படி. கத்தி வைக்கலைங்க! சத்தியமா கத்தி வைக்கலை. நீங்கதான் ஊரெல்லாம் சொல்லுவீங்களே. ஒயரைப் பிடுங்கிட்டா சத்தம் நின்னு உங்களுக்குத் தெரிஞ்சுடும்னு, இந்தப் பையை வெச்சு வெச்சுத்தான்… நான் ஒரு பக்கம் கரைக்கறேன், அது ஒரு பக்கம் உறையுது. பட்டாணி மட்டும் போடலைங்க.”

அவர் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“என்னங்க? ஏங்க இப்படி? திட்டுங்களேன்.”

“போன்ல பேசினே” என்றார் தரையைப் பார்த்தபடி. “கேட்டேன். உனக்குன்னு நினைச்சேன். உன் உடம்புல…”

அதற்கு மேல் அவரால் போகமுடியவில்லை. அவள் நின்று யோசித்தாள். ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தது அவள் முகத்தில் தெரிந்தது. கரையல. கத்தி. ஒத்தடம். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தபோது சிரிப்பு இல்லை.

“அப்ப இத்தனை நாளா நான் சாகப்போறேன்னு நினைச்சுக்கிட்டா பக்கத்துல படுத்திருந்தீங்க?”

அவர் சட்டை முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஊர்ல இருக்கிற கம்ப்ரஸர் எல்லாத்தையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியுது. என்கிட்ட ஒரு வார்த்தை, ‘உனக்கு என்ன’ன்னு கேட்கத் தெரியலையா?”

“கேட்டேனே.”

“நான் வேலைக்குக் கிளம்பி ஒரு காலை வாசல்ல வெச்சுக்கிட்டு இருக்கிறப்ப கேட்டீங்க.”

“கேட்டா சொல்லியிருப்பியா?” அவர் நிமிர்ந்தார். “இந்தக் காபியைச் சொல்லலை. நிஜமாவே உனக்கு வந்திருந்தா. என்கிட்ட சொல்லியிருப்பியா?”

சொல்லாமல் இருப்பேனா என்றுதான் யாரும் உடனே சொல்லியிருப்பார்கள். அவள் அப்படிச் சொல்லவில்லை. முந்தானையில் கைகளைத் துடைத்துக்கொண்டே நிஜமாகவே யோசித்தாள். அந்த நேரம் அவருக்கு நீளமாக இருந்தது.

“தெரியலைங்க” என்றாள். “சொன்னா, ஏன் முன்னாடியே சொல்லலைன்னு அங்கதான் ஆரம்பிப்பீங்க. எந்த டாக்டர், அவர் ஏன் அப்படிச் சொன்னார், உன் தங்கச்சிக்கு மட்டும் எப்படி முதல்ல தெரியும்… நான் வலியையும் பார்த்துக்கிட்டு, அதுக்கெல்லாம் பதிலும் தயார் பண்ணணும். தங்கச்சிகிட்டதான் முதல்ல சொல்லியிருப்பேன்னு நினைக்கிறேன்.”

அது கோபத்தில் சொன்னதாக இருந்திருந்தால் அவரால் தள்ளிவிட்டிருக்க முடியும். அது வெறும் தகவலாக இருந்தது. அவர் வாழ்க்கையில் அவரிடம் யாரும் இவ்வளவு மறைக்காமல் பேசியதில்லை. அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை என்பதே அவருக்கு வலித்தது.

எழுந்தார். சுவரோரம் போய் ஒயரைப் பிடுங்கினார். பெட்டியின் உறுமல் நின்றது. வீடு திடீரென்று பெரிதானதுபோல் இருந்தது.

“ஐயோ, ஒரு வாரம் ஓடணும்னீங்களே?”

“மறுபடி முதல்லேருந்து ஓடட்டும்.”

“கேக் கடைக்காரர் கேட்டா?”

“நடந்ததைச் சொல்லிக்கலாம். இன்னும் ரெண்டு பாத்திரத்துல தண்ணி சுடவை. பையெல்லாம் இதுக்குப் பத்தாது.”

அவள் தண்ணீர் சுடவைத்தாள். அவர் பாத்திரங்களை உள்ளே இறக்கி மூடியைச் சாத்தினார். இருவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஏதோ விரிசல் விடும் சத்தம் கேட்டது. மூடியைத் திறந்தபோது ஓரம் விட்டிருந்தது. அவர் கையை நுழைத்து அசைத்து, பலகை மாதிரி ஒரு பெரிய துண்டைத் தூக்கினார். அவள் பேசினை நீட்டினாள். உடைந்த முனையிலிருந்து ஒரு சில்லை எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர் வாயில் போட்டுக்கொண்டார். கசப்பும் குளிருமாக நாக்கில் கரைந்தது, கடைசியில் லேசாக மிளகும்.

“நல்லா இருக்கு” என்றார்.

அவள் தன் பங்கு சில்லை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். அவரையே பார்த்தாள்.

“என்ன?”

“திட்டலை. அடுத்தவங்க பெட்டியை நாசம் பண்ணியிருக்கேன், ஒரு வார்த்தை திட்டலை. கடைக்காரர்கிட்ட நீங்களே சொல்றேங்கறீங்க. இப்ப நல்லா இருக்குங்கறீங்க.” அவள் சில்லைப் பேசினில் திரும்பப் போட்டாள். “மத்தியானம் வேலை நேரத்துல எங்க போயிட்டு வர்றீங்க? வண்டியையும் காணோம்.”

“உன் தங்கச்சி கடைக்கு.”

“அதுக்கு முன்னாடி?”

“எங்கயும் போகலை.”

“டாக்டர்கிட்ட போனீங்களா?”

“இல்லம்மா.”

“எனக்குக் கட்டி இருக்குன்னு ஏன் திடீர்னு உங்களுக்குத் தோணணும்? உங்களுக்கு ஏதாவது இருக்கா? நிஜத்தைச் சொல்லுங்க.”

“எனக்கு ஒண்ணுமில்ல.”

“உங்க அப்பாவும் இப்படித்தானே சொன்னாரு” என்றாள் அவள். “சட்டையைக் கழட்டுங்க. திரும்பி உட்காருங்க, வெளிச்சத்துக்கு.”

அவர் எதுவும் கேட்காமல் முதல் பித்தானைக் கழற்றினார்.